தாழ்ப்பாளில் பூசிய மஞ்சள்

தடால்! அரண்மனைக் கழிப்பறைக் கதவை அறைந்து சாத்திய சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது. சமையற்காரி செங்கமலம் கரண்டியைக் கீழே வைத்தாள். ராஜாவுக்கு இன்றைக்கும் வயிறு சரியில்லை.

அந்தக் காலத்தில் மருதங்காட்டை வீரகம்பன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டான். அவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் நல்லபெருமாளுக்கோ, தன் மைத்துனனை அடுக்களைக்குள் நுழைத்துவிட ஆசை.

"சமையற்காரிதான் சோற்றில் எதையோ கலக்கிறாள், பிரபு!" என்று ராஜாவின் காதில் ஓதினான்.

"உச்சிப்பொழுதில் அவளை யானைக் காலில் போடுங்கள்!" என்று கத்தினான் ராஜா.

அந்தக் கட்டளை அடுக்களையில் செங்கமலத்தின் காதுக்கும் எட்டியது.

சபையில் மந்திரி ஆதிநாதர் எழுந்தார். "யானை எங்கே போய்விடப் போகிறது, மகாராஜா? அதுவரை இதை என்னிடம் விடுங்கள்." நேரே அடுக்களைக்கு வந்தார். "அம்மா, மஞ்சள்பொடியை எண்ணெயில் குழைத்துக் கொடு."

"உயிர் போகிற நேரத்தில் மஞ்சளா, சாமி?"

"அந்த உயிருக்குத்தான்."

கழிப்பறையின் உள்பக்கத்துப் பித்தளைத் தாழ்ப்பாளில் அதைப் பூசினார். பித்தளையில் மஞ்சள் தெரியவில்லை. வெளியே தொட்டியில் தண்ணீர், கை தேய்க்கச் சட்டி நிறையச் சாம்பல். சாம்பல் வைப்பவள் செங்கமலம்தான். வைத்தது வைத்தபடியே இருக்கும்.

ராஜா மறுபடி ஓடினான். பிறகு நல்லபெருமாளும் போய்வந்தான்.

உச்சிப்பொழுது. வாசலில் யானைச் சங்கிலி கலகலத்தது. செங்கமலத்தைச் சபைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ராஜா வெற்றிலைக்குக் கை நீட்ட, நல்லபெருமாள் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவினான். வெள்ளைச் சுண்ணாம்பு ரத்தமாய்ச் சிவந்தது!

"விஷம்!" என்று சபை அலறியது.

"மஞ்சள்" என்றார் ஆதிநாதர். "சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். கழிப்பறைத் தாழ்ப்பாளில் நான் பூசியது. நானும் அதே தாழ்ப்பாளைத் திறந்தவன்தான். சாம்பலால் தேய்த்துக் கழுவினேன்." அவர் சுண்ணாம்பைத் தொட்டார். வெள்ளையாகவே இருந்தது. "இன்று வந்தது மஞ்சள். மற்ற நாளில் இந்தக் கையில் என்ன வந்ததோ, அதைத்தான் மென்றீர்கள், மகாராஜா."

"அவசரத்தில்... கழுவ..." நல்லபெருமாள் குழறினான்.

"இவளைக் கொல்லவும் அப்படித்தானே அவசரப்பட்டாய்?" என்றார் ஆதிநாதர்.

ராஜா தன் மஞ்சள் விரல்களைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டான். செங்கமலம் அதைப் பார்த்துவிட்டாள்.

"யானையைக் கொண்டுபோங்கள்" என்றான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "நல்லபெருமாளே, இனி நீ வெற்றிலையைத் தொடாதே. கழிப்பறை வாசலில் நின்று, வருகிறவர் கைக்கெல்லாம் தண்ணீர் ஊற்று."

"முதல் கை யாருடையது, மகாராஜா?" என்று மெதுவாகக் கேட்டார் ஆதிநாதர்.

ராஜா அவரை முறைத்தான். பிறகு எழுந்து தொட்டியை நோக்கி நடந்தான்.

செங்கமலம் அடுக்களைக்குத் திரும்பினாள். அடுப்படியில் உட்கார்ந்து, கழிப்பறைச் சட்டிக்காக ஆறின சாம்பலை அள்ளிச் சலிக்க ஆரம்பித்தாள்.