சுழி போட்ட வாக்கு

கோபத்தோடுதான் இதைச் சொல்கிறேன். நீங்கள் கோபப்படாமல் கேட்டுக் கடைசியில் நியாயம் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு நகரம். பெயரைச் சொன்னால் வம்பு, விடுங்கள். அங்கே ஒரு வட்டாரத்துக்குப் பன்னிரண்டு வருடமாகக் கவுன்சிலர் குகதாசன். யாழ்ப்பாணத்து மனிதர். கோயில் திருவிழாவோ தமிழ்ப் பள்ளி விழாவோ, முன்வரிசைக் கதிரையில் மாலையோடு இருப்பார், மேடை கிடைத்தால் வாய் கிழியப் பேசுவார். அதே வட்டாரத்தில் நகரசபையின் மாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. சுவரெல்லாம் ஈரம், மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். அதைப் பற்றி மட்டும் மனிதர் சபையில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

சனிக்கிழமைகளில் வீடு தேடி வரும் சனத்தின் முறைப்பாட்டைக் கேட்டு எழுதுவது அவருடைய மனைவி திலகேஸ்வரி. எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி. சுழிக்குக் கீழே இரண்டு கோடு, கோட்டுக்குக் கீழே மூன்று புள்ளி. கடைச்சாமான் எழுதும் துண்டில்கூட அது இருக்கும். முறைப்பாட்டை இரண்டு துண்டில் எழுதி, ஒன்றை வந்தவர் கையில் கொடுத்து, மற்றதைக் கணவனிடம் கொடுப்பாள். அவர் "பார்ப்பம்" என்பார். போன மாரிக் குளிரில் எதையோ தேடப் போய் அவருடைய அலுமாரியைத் திறந்தாள். பன்னிரண்டு வருடத் துண்டுகளும் அப்படியே கிடந்தன, ஒன்றுகூட வீட்டை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அவளுக்குப் பற்றிய கோபம் பிறகு ஆறவே இல்லை.

அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவள் கஜந்தினி. ஒரே மாரியில் தன் மகளை இரண்டு தடவை மூச்சிழுப்போடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆறு தடவை முறையிட்டு, ஆறு துண்டு கையில் வைத்திருக்கிறாள். ஏழாவது தடவை போகாமல், கட்சி கிட்சி எதுவும் இல்லாமல், குகதாசனுக்கு எதிராகத் தேர்தலில் நின்றுவிட்டாள்.

தேர்தலன்று திலகேஸ்வரி தனியாகப் போனாள். நூலில் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்துக் கஜந்தினியின் பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டாள். நிமிர்ந்து பார்த்தால், வாக்குச் சீட்டின் உச்சியில் கோடும் புள்ளியுமாக அதே சுழி! மனம் புள்ளடியில் இருக்க, கை தன் வழக்கப்படி முதல் வேலையை முடித்துவிட்டிருந்தது. வேறு சீட்டுக் கேட்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை விளையாட்டு மண்டபத்தில் எண்ணிக்கை. குகதாசன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். யார் யாருக்கு வாக்குப் போட்டார் என்று அறிய முயலமாட்டேன், அறிந்தாலும் சொல்லமாட்டேன் என்று உள்ளே போகும் எல்லோரிடமும் வாசலில் உறுதி வாங்கினார்கள். குகதாசன், திலகேஸ்வரி, கஜந்தினி மூன்று பேரும் கொடுத்தார்கள்.

எண்ணி முடிந்தபோது வேட்பாளர் இருவருக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரத்து நான்கு. ஒரே ஒரு சீட்டைப் புறம்பாக வைத்திருந்தார்கள். அதிகாரி வேட்பாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். புள்ளடி கஜந்தினிக்குத்தான், ஆனால் மேலே இதென்ன என்று கேட்டார். போட்டவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் குறியாக இருந்தால் வாக்குச் செல்லாது, சமமாகிவிடும், பிறகு திருவுளச்சீட்டுக் குலுக்கி எடுப்பதுதான் என்றும் விளக்கினார்.

குகதாசனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முகம் கறுத்தது. ஒரு கணம் மனைவியைப் பார்த்தார், ஒரு கணம் கவுன்சிலர் கதிரையை நினைத்தார். கதிரைதான் வென்றது. இது என் மனைவியின் கைக்குறி, அவளைத் தவிர யாரும் இப்படிப் போடுவதில்லை, வாக்குச் செல்லாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். வாசலில் கொடுத்த உறுதி என்னாயிற்று என்று அதிகாரி அதட்டினார். மனிதர் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே!

அதிகாரி கஜந்தினியின் பக்கம் திரும்பினார். இது ஒருவருக்கே உரிய குறியா என்று கேட்டார். அவளுடைய கைப்பையில் அதே சுழியோடு ஆறு துண்டு கிடந்தன.

"வாசலில உறுதி குடுத்தனான்," என்றாள். "நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

குகதாசன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டார். "சொல்லன். உன்ர கைதானே இது?"

பொய் என்று ஒன்றை அதுவரை சொல்லியறியாதவள் திலகேஸ்வரி. ஓம், என்னுடையதுதான் என்றால் அவளுடைய வாக்குப் போய்விடும். கையை உதறிக்கொண்டு அதிகாரியை நேரே பார்த்தாள்.

"என்ர இல்லை. எங்கட சனத்தில எத்தினையோ பேர் இப்பிடித்தான் போடுவினம்."

ஒருவர் உண்மையைச் சொன்னார். ஒருத்தி வாயை மூடிக்கொண்டாள். ஒருத்தி பொய் சொன்னாள். நீங்களே சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: குகதாசன் சொன்னது உண்மைதான், ஆனால் சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுத்த உண்மை. அதையும் சட்டத்துக்காகவா சொன்னார்? கதிரைக்காகச் சொன்னார். கஜந்தினி உறுதியைக் காத்தாள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 'சொல்லமாட்டேன்' என்றாலே தெரியும் என்றுதானே அர்த்தம், அதனால் இரகசியம் காப்பாற்றப்படவில்லை. கணவன் பக்கத்தில் நிற்கும்போதும் மனைவி தன் விருப்பப்படி வாக்குப் போட வேண்டும் என்பதற்குத்தானே இரகசியமே! அந்த இரகசியத்தைப் புருஷன் உடைத்த பிறகு, அதைக் காக்க ஒரு 'இல்லை'தான் மிச்சம் இருந்தது. ஆகவே திலகேஸ்வரி செய்ததே சரி. அதிகாரியும் வாக்குச் செல்லும் என்றார், கஜந்தினி ஒரு வாக்கால் வென்றாள். அன்று மாலை அவளுடைய கதவடியில் ஒரு பை நிறைய அலுமாரித் துண்டுகள் இருந்தன. மேலே புதிதாக ஒன்று, சுழி போட்டு எழுதியிருந்தது: "முறைப்பாடு: திலகேஸ்வரி. எனக்கு இருக்க ஒரு வீடு வேணும். சுவர் ஈரமெண்டாலும் பரவாயில்லை."