சுமைதாங்கிக்கு ஒரு பெயர்

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் நெடுஞ்சாலைக்கு ஆவுடைநாயகம் நானூறு பக்கத்தில் வரலாறு எழுதி முடித்திருந்தார். படை நடத்தியவர், மரம் வைத்தவர், தார் போட்டவர், ஒருவர் விடாமல் எல்லார் பேரும் அதில் இருந்தது. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டார் மனிதர். அப்படி ஒரு பிடிவாதம்.

கயத்தாற்றுக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும்போது ஒரு சுமைதாங்கி குறுக்கே வந்தது. இரண்டு கல்தூண், தோள் உயரத்தில் ஒரு படுகல், அவ்வளவுதான்.

"சாலையோட பழைய சின்னம்னு உங்க புத்தகத்துல ஒரு வரி காட்டுங்க சார், பேர்த்து ஓரமா நட்டுடுறேன். இல்லேன்னா மத்தியானம் இடிச்சிடுவாங்க," என்றார் எஞ்சினியர் ஜெபசீலி.

ஒரு வரிகூட இல்லை. ஆவுடைநாயகத்துக்கு வெட்கமாகப் போயிற்று. குருவான நடைச்சாமியிடம் ஓடினார்.

"பிள்ளைத்தாச்சியா செத்துப்போன யாரோ ஒருத்திக்காக நட்ட கல்லாம் சாமி. அவ பேரும் தெரியலை, நட்டவன் பேரும் தெரியலை. நான் என்னன்னு எழுத?"

சாமி எழுந்து அவர் வீட்டுக்கே வந்தார். நானூறு பக்கத்தையும் ஆதாரக் கட்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டினார். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் தூக்கி ஆவுடைநாயகத்தின் தலையில் வைத்தார்கள்.

"அந்தக் கல்லு வரைக்கும் நடந்து வாரும்வே, பார்ப்போம்."

மூன்று மைல். சித்திரை வெயில். கழுத்து இற்றுவிடும் போலிருந்தது.

"சாமி, ஒரு கை பிடிங்க. கீழ போட்டுட்டா ஒத்தையில திரும்பத் தூக்க முடியாது."

"வீடு வாசலையே விட்டவன் நான். உம்ம மூட்டையைத் தொடுவேனா?"

சுமைதாங்கி தெரிந்தது. அதன் பக்கத்தில் இடிக்கும் எந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. ஆவுடைநாயகம் விழுந்தடித்து ஓடித் தலையைச் சாய்த்தார். மூட்டை படுகல்லுக்கு மாறியது. யார் கையும் தேவைப்படவில்லை.

"அப்பாடா!"

அந்தச் சத்தத்துக்கு டிரைவர் எந்திரத்தையே அணைத்துவிட்டார். ஆவுடைநாயகத்துக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அந்தக் கல்மேலேயே தாளை விரித்து எழுதினார்: 'இந்தச் சாலையில் நடந்தவர்கள் சுமை இறக்கியது இங்கே. ஆதாரம், என் கழுத்து.'

ஜெபசீலி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "போதும் சார்! ஏய், கல்லை ஓரமா நடுங்கப்பா, ஒரு கீறல் விழக்கூடாது!"

வேலையாட்கள் விசிலடித்தார்கள்.

"கல்லுல யார் பேரை வெட்ட, சாமி?" என்று கேட்டார் ஜெபசீலி.

"இறக்கினதும் இவர் என்ன சொன்னார்?"

"அப்பாடான்னார்."

"எத்தனையோ காலமா எல்லாரும் இதை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்காங்க, தாயி. அதையே வெட்டுங்க."