எருமையா, நெட்வொர்க் சர்ட்டிபிகேட்டா?

கூழாங்குளத்தில் அறிவுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. யாராவது எடுத்துச் செலவு செய்தால்தானே பஞ்சம் வரும்? அந்த ஊர்த் தவசிக்குத்தான் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படித்து சர்ட்டிபிகேட் வாங்கும் ஆசை வந்தது. ஊர்ப் பால் சங்கத்தில் புதிதாக இரண்டு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தன. அவற்றை இணைத்துக் கொடுக்க சர்ட்டிபிகேட் உள்ள ஆள் வேண்டும் என்று சங்கச் செயலாளர் வீரபாகு சொல்லியிருந்தார்.

டவுனில் படிப்புக்குக் கேட்ட தொகையோ பெரிது. தவசி வீட்டில் அந்த விலைக்குப் போகக்கூடியது எருமை ஒன்றுதான். தவசியை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. சாமானியர்கள் என்றால் அவசரப்பட்டு விற்றிருப்பார்கள். தவசி அப்படிப்பட்டவன் இல்லை. லாப நஷ்டம் பார்க்கக் கூட்டாளிகள் சங்கிலியையும் கோதண்டத்தையும் அழைத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டான். சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் எருமையும் கலந்துகொண்டது.

“எருமை வைக்கோல் தின்னும். சர்ட்டிபிகேட் தின்னாது,” என்று ஆரம்பித்தான் சங்கிலி.

“எருமை கன்னு போடும். சர்ட்டிபிகேட் போடுமா?” என்றான் கோதண்டம்.

தவசிக்குப் பகீர் என்றது. படிப்பே கைநழுவிப் போய்விடும் போலிருந்தது. சங்கிலிதான் வழி கண்டுபிடித்தான்.

“ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனா நிமிசத்துக்கு ஒண்ணு போடும். எல்லாம் தாய் மாதிரியே இருக்கும்,” என்றான்.

இந்த வாதத்தைக் கோதண்டம் அப்போதே ஒப்புக்கொண்டான். எருமையும் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

தவசியின் மனைவி பூங்காவனம் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். “இந்த எருமை நேரத்துக்கு ரெண்டு செம்பு பால் குடுக்குது. உங்க சர்ட்டிபிகேட்டும் அந்த அளவுக்குக் குடுக்கணும். இல்லேன்னா இதே முளைக்குச்சியில உங்களைக் கட்டிப்போடுவேன்.” விளையாட்டுக்குச் சொல்கிற பெண்ணில்லை அவள். தவசி அந்த முளைக்குச்சியை ஒருமுறை அசைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் அடித்திருந்தது.

எருமையை வீரபாகுவே வாங்கிக்கொண்டார். தவசி டவுனுக்குப் போய்ப் படித்தான். அங்கே ஒரே மேசையில் இரண்டு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பாடம். கடைசி நாளில் வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னார்: “இங்க எப்படிச் செஞ்சு காட்டினேனோ அப்படியே செய். கொஞ்சம்கூட மாத்தாதே.” அதை மட்டும் தவசி மனப்பாடம் செய்துகொண்டான். மற்றதெல்லாம் நினைவில் தங்காததற்கு அவனை எப்படிக் குறை சொல்வது? முழுக் கட்டணம் கட்டிய யாரும் அந்தப் பயிற்சி நிலையத்தில் தோற்றதில்லை என்பதால் தவசியும் அமோகமாகத் தேறினான்.

பால் சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாசலில், பால் அளக்கும் இடத்தில் இருந்தது. இன்னொன்று உள்ளறையில் கணக்கரிடம் இருந்தது. வாசலில் எழுதுவது உள்ளே தெரிய வேண்டும் என்றார் வீரபாகு. கூட்டாளிகளோடு வந்த தவசி புது வயரைத் தோளில் போட்டபடி அங்கேயும் இங்கேயும் நடந்தான். முளைக்குச்சி கண்முன் வந்து நின்றது.

“வாத்தியார் ஒரே மேசையிலதான் செஞ்சு காட்டினாரு. இங்க நடுவுல சுவர் இருக்கே,” என்றான்.

“அப்போ சுவர்தான் தப்பு,” என்றான் கோதண்டம்.

சுவரை இடிப்பதா, கம்ப்யூட்டரை நகர்த்துவதா என்று மூவரும் விவாதித்தார்கள். கடப்பாரை கிடைக்காததால் கம்ப்யூட்டரை நகர்த்துவது என்று முடிவானது. கணக்கரின் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி வந்து வாசல் மேசையில் வைத்தார்கள். கணக்கரையும் தூக்கி வந்தார்கள். பால் அளப்பவர் எழுதினார். கணக்கர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“தெரியுதா?” என்றான் தவசி.

“பளிச்சுன்னு தெரியுது,” என்றார் கணக்கர்.

வயர் பிரிக்காமலே கடைக்குத் திரும்பியது. வயர் செலவே இல்லாமல் இணைத்துக் காட்டிய தவசியை வீரபாகு கட்டிப்பிடித்துக்கொண்டார். ரொக்கச் சம்பளம் என்றால் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டுமாம். அதனால் தன் வீட்டிலிருந்தே நேரத்துக்கு ஒரு செம்பு பால் தருவதாகச் சொன்னார். அவர் கறக்கும்போது எருமை தவசியைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

தவசி பெருமை பிடிபடாமல் செம்போடும் கூட்டாளிகளோடும் வீட்டுக்கு வந்தான். பூங்காவனம் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

“நம்ம எருமைப் பால் மாதிரியே இருக்கே.”

“அதேதான். சர்ட்டிபிகேட்டுன்னா சும்மாவா?”

அவள் செம்பை ஆட்டிப் பார்த்தாள். ஒரு செம்புதான் இருந்தது. நிபந்தனையோ இரண்டு செம்பு. அவள் பார்வை கொட்டகைப் பக்கம் போனதும் தவசிக்கு உயிரே போய்விட்டது. கூட்டாளிகள் இருவரும் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்கள். ஆனால் பூங்காவனமும் கூழாங்குளத்துக்காரிதான். விரல் விட்டுக் கணக்குப் போட்டாள், முகம் மலர்ந்தது.

“ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு செம்பு. எங்க அண்ணன் வீட்டுல ஒரு எருமை நிக்குது. அதையும் வித்து நானும் படிச்சுட்டேன்னா ரெண்டு செம்பு ஆயிடும். நம்ம எருமை குடுத்த அதே அளவு.”

இப்பேர்ப்பட்ட மூளையைச் சமையல் கட்டில் வீணடித்துவிட்டோமே என்று தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. நால்வரும் அப்போதே கயிற்றை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.