பலாப்பழத்துக்கு வந்த வாய்தா

வழக்குக்கு மட்டும் பஞ்சமே இல்லாத ஒரு காட்டில், ஒரு கரடியும் ஒரு குரங்கும் சந்தையில் பண்டமாற்றுச் செய்துகொண்டன. கரடி ஒரு குடுவைத் தேன் தர வேண்டும். குரங்கு ஒரு பலாப்பழம் தர வேண்டும். தகராறு வந்தால் ஆமைதான் நடுவர் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டன.

தகராறு வந்தது. கரடி பலாவைத் தட்டிப் பார்த்தது.

"இது காய். என் குட்டிகள் பசியோடு காத்திருக்கின்றன, காயையா கொண்டுபோய்க் கொடுப்பேன்?"

"பழம்தான்" என்றது குரங்கு.

ஆமை முகர்ந்து பார்த்தது. "காய்தான். இரண்டொரு நாளில் பழுத்துவிடும். அதுவரை தேனும் பலாவும் என்னிடம் இருக்கட்டும். பழுத்ததும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போங்கள்."

இவ்வளவுதான் விஷயம். இதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால்தானே!

வழக்காடியே வயிறு வளர்க்கும் நரி குரங்கின் காதைக் கடித்தது. "நடுவர் சொன்னால் முடிந்துவிட்டதா? சிங்கராஜாவிடம் முறையிடு. முதலிலிருந்து விசாரிப்பார். அதுதான் நம் காட்டுச் சட்டம். எனக்கு வாய்தாவுக்கு ஒரு கை தேன் போதும்."

சிங்கம் தேனையும் பலாவையும் ஆமையிடமிருந்து தன் சபைக்கு வரவழைத்து, வாய்தாமேல் வாய்தா போட்டது. விசாரணைக்கு எடுத்தபோது பலா கமகமவென்று மணத்தது.

"பழம்தானே இது? குரங்கு சொன்னதே சரி" என்றது சிங்கம்.

"அன்றைக்குக் காயாக இருந்ததே, அரசே!" என்று கரடி கதறியது.

"மறுவிசாரணை கேள்" என்றது நரி. இப்போது அது கரடியின் பக்கம்.

மறுவிசாரணைக்குள் பலா அழுகிவிட்டது. சிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டது. "இது காயுமில்லை, பழமுமில்லை. வழக்குத் தள்ளுபடி."

வாய்தாவுக்கு ஒரு கையாக நரி வழித்ததில், குடுவையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை. கரடிக் குட்டிகள் அந்த வெறும் குடுவையை நக்கின. குரங்குக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

கரடியும் குரங்கும் சேர்ந்து சிங்கத்திடம் போயின. "சட்டத்தை மாற்றுங்கள், அரசே. இனி நடுவர் சொல்வதே முடிவாக இருக்கட்டும்."

"நியாயம்தான். நரியே, எழுது" என்றது சிங்கம்.

நரி பவ்வியமாக எழுதிப் படித்தது. "இனி நடுவர் தீர்ப்பே முடிவு. தீர்ப்புப் பிடிக்காதவர்கள் மட்டும் அரசரிடம் வரலாம்."

"அருமையான திருத்தம்" என்றது சிங்கம்.

ஆமைக்குப் பொறுமை போய்விட்டது. "தோற்றவனுக்கு எந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது? பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டதே." அதை யார் கேட்டார்கள்?

அடுத்த பலாக் காலத்தில் கரடியும் குரங்கும் ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டில் பண்டம் மாற்றின. அங்கே நடுவர் கைக்கூலி வாங்கினால் ஒழிய, அவர் சொல்லே முடிவு. அணிலும் முயலும் பின்னாலேயே போயின. ஆமையும் மெதுவாக நீந்திப் போய்ச் சேர்ந்தது.

சிங்கம் வெறிச்சோடிய சந்தையைப் பார்த்துத் திகைத்தது. "எல்லோரும் எங்கே? ஏன் போனார்கள்?"

"விசாரித்துவிடலாம், அரசே. முதல் வாய்தாவை என்றைக்கு வைத்துக்கொள்ளலாம்?" என்றது நரி.

நீதி: நடுவர் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் வழக்குதான் பழுக்கும், பழம் அழுகிப்போகும்.