கல்வெட்டில் இல்லாத பெயர்

மாசிலாமணி ஐம்பது வயதுவரை கல் கொத்திவிட்டு மடத்துக்கு வந்தவர். உளியைக் கீழே வைத்தாரே தவிர கோபத்தை வைக்கவில்லை. குரு அருளாண்டி அடிகள் அவரைவிடப் பத்து வயது இளையவர். கோபத்தில் மட்டும் மூத்தவர்.

மலையடிவாரக் கோயிலைக் கட்டியது தம் முன்னோர்தான் என்று மாசிலாமணியின் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் நம்பவில்லை. பழைய எழுத்தைக் குருவிடம் கற்றுக்கொண்டதும், மாசிலாமணி ஆறு நாள் சுவர் சுவராகக் கல்வெட்டுகளைப் படித்தார். ஏழாம் நாள் காலையில் குருவின் முன் வந்து நின்றார்.

“ராசா பேரு இருக்கு சாமி. விளக்கு நெய்க்கு ஆடு குடுத்தவன் பேரு இருக்கு. அந்த ஆட்டை மேய்ச்சவன் பேருகூட இருக்கு! கல்லுத்தூள் விழுந்து கண்ணு போனவன் பேரு மட்டும் எங்கயும் இல்ல. இது நியாயமா?”

“அயோக்கியத்தனம்,” என்றார் குரு.

“எங்கப்பனைப் பொய்யன்னு ஊரே சிரிச்சுது. அந்த ராசா பேரைக் கொத்தி எறிஞ்சாத்தான் என் மனசு ஆறும்.”

குரு விருட்டென்று உள்ளே போனார். சீடர் மடத்தில் சேர்ந்த அன்று ஒப்படைத்த சுத்தியலையும் உளியையும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார்.

“வாரும். இன்னைக்கே கொத்திருவோம்.”

இருவரும் கோயிலின் வடக்குச் சுவருக்குப் போனார்கள். மாசிலாமணி இடக்கையில் சுத்தியலைப் பிடித்தார். அவர் அப்பாவும் இடக்கைக்காரர், தாத்தாவும் அப்படித்தான். அரசன் பெயரின் முதல் எழுத்தில் உளியை வைத்தார். அது பள்ளத்தில் கச்சிதமாகப் பதிந்தது.

வலக்கைக்காரன் வெட்டினால் பள்ளத்தின் சரிவு இந்தப் பக்கம் விழாது. இது அவர் முப்பது வருடம் வெட்டிய அதே சரிவு. அடுத்த எழுத்தை விரலால் தடவினார். அதற்கடுத்ததையும் தடவினார்.

“சாமி, இது எங்க ஆளு வெட்டு. எங்கப்பன் பொய் சொல்லல.”

“என்னவே பார்க்கீரு? கொத்தும்!”

“எப்படிச் சாமி கொத்துவேன்?” கோபம் இப்போது அந்த எழுத்தை வெட்டிய முன்னோன்மேல் திரும்பியது. “உளி இவன் கையிலதான இருந்துச்சு? ஊரான் பேரையெல்லாம் வெட்டின பாவி, தன் பேரை ஒரு ஓரத்துல வெட்டக் கூடாதா? வெட்டியிருந்தா நான் ஆறு நாளு நாயா அலைஞ்சிருப்பேனா?”

குரு சுவரை ஓங்கி அறைந்தார்.

“ஆறு நாளா யாரு வெட்டின எழுத்தைவே படிச்சீரு?”