அரசர் காலடியில் மஞ்சள் துணி

மஞ்சள் துணி போய் அரசர் காலடியிலேயே விழுந்துவிட்டது.

மைதானம் கப்சிப். ஆயிரம் பேர் இருந்தார்கள், ஒருத்தரும் இருமக்கூட இல்லை. தரையில் குப்புறக் கிடந்த சேனாதிபதி மழவராயர் மட்டும் எழுந்து உட்கார்ந்தார். குடுமி அவிழ்ந்து முகத்தில் தொங்கியது. வாய் நிறையச் சிரிப்பு.

"எறிஞ்சுட்டான்! அரசர்மேலேயே குத்தம் சொல்லிட்டான்! விடங்கா, உன் தலை போச்சுடா!"

துணியை எறிந்த விடங்கன் அரசவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன். அன்றைக்கு ஆட்ட நடுவர். தப்பு நடந்தால் மஞ்சள் துணியை எறிய வேண்டும், அதுதான் நடுவர் வேலை. அவன் எப்படி இதில் மாட்டினான் என்று சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகத்தான். இழுக்க எனக்குப் பொறுமை கிடையாது.

ஆம்பலூர் அரசர் வீரகண்டருக்கு ஒரு கப்பல்காரன் முட்டை மாதிரி நீண்ட தோல் பந்து ஒன்றைக் கொடுத்தான். கூடவே, துபாஷியை வைத்துத் தமிழில் எழுதிய ஒரு விதிப்புத்தகம், தலையணை தடிமனுக்கு. அமெரிக்கக் கால்பந்தாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஏது கப்பல் என்று கேட்காதீர்கள். பேர்தான் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். அதையே அங்கே யாரும் கேட்கவில்லை.

அரண்மனையில் எல்லோரும் ஆடினார்கள். ஒருத்தரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆனால் விதி என்று பேச்சு வந்தால் எல்லோரும் பண்டிதர்கள். "அப்படித் தள்ளலாம்", "இப்படித் தள்ளக் கூடாது" என்று மோர் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்கள்.

மழவராயருக்கு விடங்கனைக் கண்டாலே ஆகாது. ஒரு முறை படை அணிவகுப்பில் அவர் ஏறிய யானை எதிர்ப்பக்கமாக நடந்துவிட்டது. "சேனாதிபதி யானையைப் பின்வாங்கப் பழக்குகிறார்" என்று சொல்லி அவையையே சிரிக்க வைத்தவன் விடங்கன். அந்த எரிச்சலில் அவர் அரசரிடம் போய் ஓதினார்.

"மன்னா, நடுவர் இல்லாம ஒரு ஆட்டமா? விடங்கன்தான் பெரிய புத்திசாலியாச்சே. பதினைஞ்சு நாள்ல புத்தகத்தை முழுசாப் படிக்கட்டும். பார்த்த தப்பைச் சொல்லாம விட்டான்னா நாடு கடத்திடுவோம்."

"நல்ல யோசனை" என்றார் அரசர். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு நல்ல யோசனைதான்.

இதில் பொறி எங்கே என்றால், ஆம்பலூரில் ஒரு பழைய சட்டம் உண்டு. அரசருக்குத் தண்டனை கொடுக்கிறவன் தலை போகும். அரசரோ, ஆட்டம் சூடு பிடித்தால் எதிரில் வருகிறவன் குடுமியைப் பிடித்து இழுக்கிற ஆள். இதுவரை யாரும் வாயைத் திறந்ததில்லை. விடங்கன் சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும்.

அவன் படிக்க உட்கார்ந்தான். தரையில் ஒரு பக்கம் பதினொரு புளியங்கொட்டை, எதிர்ப்பக்கம் பதினொரு சோழி. ஒவ்வொரு விதிக்கும் அவற்றை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். அந்தப் புத்தகம் லேசுப்பட்டதில்லை. ஒரு பக்கத்தில் 'கூடாது' என்று சொல்லும். இருபது பக்கம் தள்ளி, 'ஆனால் இப்படி நடந்தால் கூடும்' என்று சொல்லும். எழுதினவனைக் கட்டிவைத்து உதைக்கலாம். விடங்கன் அதை மூன்று முறை படித்தான்.

பத்தாம் நாள் மழவராயர் வேடிக்கை பார்க்க வந்தார்.

"என்ன விடங்கா, பல்லாங்குழியா?"

"படிக்கிறேன் சேனாதிபதி. நீங்க படிச்சீங்களா?"

"எதெது தப்புன்னு முதல்லயே பட்டியல் இருக்கே, அதைப் பார்த்தேன். பந்து இல்லாதவனைப் பிடிச்சு இழுத்தா பத்து கஜம் பின்னால போகணும். போதாதா?"

"உங்களுக்குப் போதும்."

ஆட்ட நாள் வந்தது. ஒரு அணிக்கு அரசர் தலைவர், இன்னொன்றுக்கு மழவராயர். வாளோடு ஒரு சேவகனையும் முன்னேற்பாடாக ஓரத்தில் நிறுத்தியிருந்தார் மனுஷன். அரசர் அணிக்காரன் பந்தோடு ஓடினான். மழவராயர் மறிக்கப் போனார். வேண்டுமென்றேதான் அரசர் கைக்கெட்டும் தூரத்தில் போனார் என்பது என் அபிப்பிராயம். அரசர் அவர் குடுமியைக் கொத்தாகப் பிடித்துச் சுழற்றித் தரையில் போட்டார். பந்துக்காரன் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். துணி விழுந்தது.

அரசர் முகம் சிவந்தது. "விடங்கா! என்னையா தண்டிக்கிறே?"

"ஐயோ, இல்லை மன்னா. நான் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். தண்டனை வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது நடுவர் இல்லை, இழுபட்ட அணியோட தலைவர். அவர் வேணாம்னுட்டா, ஓடினது ஓடினதுதான். நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்."

பிறகு மழவராயர் பக்கம் திரும்பி இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டான்.

"தலைவரே, சொல்லுங்க. அரசருக்குத் தண்டனை கொடுத்துடலாமா?"

மழவராயர் சிரிப்பு நின்றது. அரசரைப் பார்த்தார். தான் கூட்டிவந்த வாள்காரனைப் பார்த்தார்.

"அது... வந்து..."

"சத்தமா சொல்லுங்க. ஆயிரம் பேர் கேக்கணும்."

"வேணாம்!"

"ரொம்ப வலிச்சிருக்குமே?"

"வலிக்கவே இல்லை! மன்னர் கை பூ மாதிரி!"

அந்தப் பூப்போன்ற கையில் ஒரு கொத்து முடி இன்னும் இருந்தது.

அரசர் முடியைப் பார்த்தார். மழவராயரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் ஆயிரம் பேருக்கும் சிரிப்பு வந்தது, அதற்கு முன்னால் ஒருத்தனுக்கும் தைரியமில்லை. முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டார் அரசர். போடுகிற சாக்கில் அவன் காதோரம் குனிந்தார்.

"கெட்டிக்காரன்தான். ஆனா இனிமே நான் யாரை இழுத்தாலும் நீ அந்தப் பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பாரு. இது என் உத்தரவு."

விடங்கன் கும்பிட்டான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அரசர் அடுத்த குடுமியைப் பிடித்தார்.

விடங்கன் வேப்பமரத்தைப் பார்க்கவில்லை.