இன்னாசிக்கு ஒரு வரி

“டீச்சர், நான் இடம் விட்டு வைக்கேன். இந்தக் கம்ப்யூட்டர் முழுங்கிருது” என்றார் தொம்மை.

பிலோமி டீச்சர் திரும்பவில்லை. யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவுக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொம்மையின் மகள் வயதுதான். தோள் நழுவிக் கடலுக்குப் போக முடியாமல் ஆனபிறகு, வீடியோவில் எழுத்துப் போடும் வேலையை அவளிடம்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

“எதை முழுங்குது?”

“என் தம்பியை.”

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

ஆடிக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. மிக்கேல், கஸ்பார், சூசையா மூன்று பேரும் பிணமாகக் கரை சேர்ந்தார்கள். தம்பி இன்னாசி மட்டும் இன்னும் சேரவில்லை.

நாளைக்குக் கோயிலில் பூசை. பூசை முடிந்ததும் செத்தவர்கள் பேர் திரையில் ஓட வேண்டும்.

இன்னாசி பெண்டாட்டி ரீத்தம்மா ஒரே பிடியாக நின்றாள். புருஷன் பேரைப் போட்டால் கோயில் வாசலை மிதிக்க மாட்டாள். அவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் போட்டாலும் மிதிக்க மாட்டாள். பாவம், தொம்மை என்ன செய்வார்? கஸ்பாருக்கும் சூசையாவுக்கும் நடுவில் ஒரு வரியை வெறுமனே விட்டார்.

ஓட்டிப் பார்த்தால் அந்த வரியைக் காணோம். சூசையா மேலே ஏறிக் கஸ்பாரை ஒட்டி நின்றான்.

“புள்ளி வச்சும் பாத்தேன் டீச்சர். தம்பி இருக்க வேண்டிய இடத்துல ஒத்தப் புள்ளி. வயிறு எரிஞ்சிட்டு. அழிச்சிட்டேன்.”

“இருக்கிற பேருக்கு நடுவுலயும் இடைவெளி ஒண்ணுபோல இல்லியே.”

“எழுத்தைப் பாத்துல்லா இடம் குடுக்கு! மேல சுழியும் கீழ வாலும் உள்ள பேருக்குக் கூடுதல். குட்டைப் பேருக்குக் கொஞ்சம். எழுத்தே இல்லன்னா ஒண்ணுமே கிடையாது. வரிக்கு வரி எவ்வளவுதான் விடணும்? சொல்லிக் குடுங்க.”

அவள் சொல்லிக் கொடுக்கவில்லை.

“உங்க வள்ளத்துல மீனை எப்படிப் பங்கு வைப்பீங்க?”

தொம்மைக்குச் சுள்ளென்று வந்தது. ஊரே எழவு வீடாகக் கிடக்கிறது, இவளுக்கு மீன் பங்கு ஒரு கேடா!

“ஆளுக்கு ஒரு பங்கு” என்றார் வெடுக்கென்று.

“நல்லா வலை இழுக்கிறவனுக்கு?”

“ஒரு பங்குதான்.”

“காய்ச்சல்னு கரையில கிடக்கிறவனுக்கு?”

“அவனுக்கும் உண்டு. ஆள் வரலன்னா அவன் வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா? எனக்குத் தோள் நழுவிக் கிடந்தப்போ என் பங்கு ஒருநாளும் நிக்கல. இன்னாசிதான் ஓலைப்பெட்டியில கொண்டாந்து வாசல்ல...”

வாய்விட்டு அழுதார்.

டீச்சர் கல்யாண வீடியோவுக்குத் திரும்பிவிட்டாள்.

தொம்மை துண்டால் முகத்தைத் துடைத்தார். திரையைப் பார்த்தார். வரியின் உயரம் என்ற இடத்தில் ‘தானாக’ என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, எல்லா வரிக்கும் ஒரே உயரம் வைத்தார்.

ஓட்டினார்.

மிக்கேல். கஸ்பார். ஒன்றுமில்லை. சூசையா.

சாயங்காலம் ரீத்தம்மாவைக் கூட்டிவந்து காட்டினார். அவள் உட்கார மாட்டேன் என்று கதவோரம் நின்றே பார்த்தாள்.

“இன்னொருக்க ஓட்டுங்க அத்தான்.”

ஓட்டினார்.

“நிப்பாட்டுங்க.”

கஸ்பாருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அவர் இடம் அப்படியேதான் இருக்கு, என்ன?”

“ஆமா தாயி. யாரும் தொடல.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வள்ளம் கவிழ்ந்த நாளிலிருந்து அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“எழுதிருங்க அத்தான்.”

தொம்மை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பார்க்கவில்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இன்னாசி.

மேலே கஸ்பார் அசையவில்லை. கீழே சூசையாவும் அசையவில்லை.